மழை விட்ட பிறகு: ஆண் தவளைகள் கத்தும் நேரமும் காரணமும்

இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த களப்பணி மிக எளிதானது என்றுதான் எண்ணியிருந்தேன். விடுதிக்குப் பின்னால், திடலை ஒட்டினாற்போல் ஒரு பழைய குளம் உண்டு. அதை மூடி வாகன நிறுத்துமிடம் அமைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கு முன் அங்கே என்னென்ன உயிரினங்கள் வாழ்கின்றன என்று எங்கள் வகுப்பு ஒரு பட்டியல் தர வேண்டும். பறவைகளை ஒருவர், தும்பிகளை ஒருவர் என்று பங்கிட்டுக்கொண்டோம். எனக்கு வந்தவை தவளைகள்.

அது பிப்ரவரி மாதம். மூன்று நாள் மாலை நான்கு மணிக்குப் போனேன். ஒரு நாள் தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டிப் போனேன். புல் காய்ந்து கிடந்தது. குளத்தில் முழங்கால் அளவு நீர். கொசுவின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ‘தவளைகள் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என் மேற்பார்வையாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் இரண்டே கேள்விகள் எழுதியிருந்தார். எத்தனை மணிக்குப் போனாய்? கடைசியாக எப்போது மழை பெய்தது?

மார்ச் இறுதியில் ஒரு மாலை, இடி மின்னலோடு கொட்டிய மழை ஏழு மணியளவில் விட்டது. எட்டு மணிக்கு அதே குளத்திலிருந்து கிளம்பிய சத்தம் விடுதியின் மூன்றாம் மாடி வரை வந்தது. படிக்க முடியவில்லை என்று அறைத்தோழி சன்னலை அடைத்தாள். நான் கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான்கு வகைக் குரல்களை என்னாலேயே பிரித்தறிய முடிந்தது. பிப்ரவரியிலும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. நான்தான் தவறான நேரத்தில், தவறான வானிலையில் போயிருக்கிறேன். அந்தச் சிவப்பு மைக் கேள்விகளுக்கு விடை தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கத்துவது யார், எதற்காக?

நாம் கேட்கும் தவளைக் குரலில் பெரும்பகுதி ஆண் தவளைகளுடையது. ‘நான் இந்த இனம், நான் இங்கே இருக்கிறேன்’ என்று பெண் தவளைக்குத் தெரிவிப்பது முதல் வேலை. ‘இந்த இடம் என்னுடையது’ என்று பக்கத்து ஆணை எச்சரிப்பது இரண்டாவது வேலை. வாயைத் திறந்து கத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான தவளைகள் கத்தும்போது வாயும் மூக்குத்துளைகளும் மூடியே இருக்கும். நுரையீரலிலிருந்து காற்று குரல்வளை வழியாகத் தொண்டையின் கீழுள்ள குரல்பைக்குப் போகிறது. பை பலூன் போல் உப்புகிறது. அதே காற்று மீண்டும் நுரையீரலுக்குத் திரும்புகிறது. ஒரே காற்றை வைத்துக்கொண்டு இரவு முழுக்கச் சமாளிக்கும் ஏற்பாடு இது. விலாவின் தசைகள்தான் துருத்தி.

இந்தத் துருத்தி சும்மா இயங்குவதில்லை. அமெரிக்கச் சாம்பல் மரத்தவளையை வைத்து டைகனும் வெல்ஸும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கத்தும்போது அது செலவிடும் ஆக்சிஜன், அதைக் கட்டாயப்படுத்திக் குதிக்க வைத்தபோது செலவிட்டதை விடவும் அதிகம் என்று காட்டியது. உடம்பை வருத்தும் வேலைகளில் இதுவே அதற்கு உச்சம். அதனால்தான் ஒவ்வோர் இரவும், விடிய விடிய, எந்த வானிலையிலும் கத்திக்கொண்டிருக்க ஒரு தவளையால் இயலாது. பலன் கிடைக்கும் நேரமாகப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

இன்னொரு செலவும் உண்டு. ‘தவளை தன் வாயால் கெடும்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததை 1981-இல் டட்டிலும் ரயனும் பனாமா நாட்டில் நேரிலேயே கண்டார்கள். அங்குள்ள ஒரு வகை வௌவால், துங்காரா தவளையின் குரலைக் கேட்டே இருட்டில் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கவ்விக்கொண்டு போகிறது. பெண்ணுக்குக் கேட்கும் குரல் எமனுக்கும் கேட்கிறது.

மாலை ஏழரை மணி

நம் நாட்டில் தவளைகளின் கடிகாரம் ஏறக்குறைய நிலையானது. நிலநடுக்கோட்டின் அருகில் இருப்பதால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏழு மணியைச் சுற்றியே அமைகிறது. வெளிச்சம் குறையத் தொடங்கியதும் ஒன்றிரண்டு குரல்கள் எழும்; இருட்டியபின் அடுத்த சில மணி நேரத்தில் கூட்டம் உச்சத்துக்குப் போகும்; நள்ளிரவுக்கு மேல் மெல்ல அடங்கும். நள்ளிரவு தாண்டிப் போன நான் கடை கட்டிய பிறகு சந்தைக்குப் போனவள் கதைதான்.

ஏன் மாலையில்? தவளையின் தோல் மெல்லியது. நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் தடை குறைவு. வெயிலில் உட்கார்ந்து கத்தினால் உடம்பு உலர்ந்துவிடும். இருட்டினால் கொக்கு போன்ற பறவைகளின் கண்ணுக்குத் தப்பலாம். இவற்றோடு ஒலியியல் காரணம் ஒன்றும் சேர்கிறது. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலேயுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கிச் சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். பகலில் நிலைமை நேர்மாறு. அதே தொண்டை, அதே முயற்சி. ஆனால் இரவில் கேட்கும் தூரம் கூடுகிறது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. போர்னியோவின் அருவிக்கரைகளில் வாழும் ஸ்டாரோயிஸ் என்னும் சிறு தவளைகள் பகலில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அருவியின் இரைச்சலில் குரல் மட்டும் போதாது என்பதால், கீச்சென்று கூவிவிட்டுப் பின்னங்காலை நீட்டி விரல்களுக்கு இடையிலுள்ள வெளிர்நிறச் சவ்வைக் கொடி போல் விரித்துக் காட்டும். கொடி தெரிய வெளிச்சம் வேண்டுமே!

மழை என்னும் அழைப்பிதழ்

வெப்பநிலையை வைத்து எழுதப்பட்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பாடநூல்களைப் படித்துவிட்டு இங்கே குளத்துக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே குளிர்காலம் முடிந்து நீர் வெதுவெதுப்பானதும் தவளைகள் கத்தத் தொடங்குகின்றன. நமக்கு ஏது குளிர்காலம்? தாழ்நிலத்தில் சனவரி இரவுக்கும் சூலை இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு மிகச் சிறிது. நம் தவளைகளுக்கு நாள்காட்டி மழைதான்.

தவளைகளின் இனப்பெருக்கப் பழக்கத்தை இரு வகையாகப் பார்க்கலாம் என்று கென்ட்வுட் வெல்ஸ் 1977-இல் எழுதினார். ஒரு வகை, மாதக்கணக்கில் நீர்நிலையை விடாமல் இரவு தோறும் கத்தும் நிதானக்காரர்கள். மற்றது, பெருமழை பெய்த ஓரிரு இரவுகளில் மட்டும் வெடித்துக் கிளம்பி, காரியம் முடிந்ததும் மறைந்துவிடும் அவசரக்காரர்கள்.

அவசரக்காரர்களுக்கு நம் வீட்டு லோங்காங்கிலேயே உதாரணம் இருக்கிறது. உருண்டை உடம்பு, குட்டைக் கால், பழுப்பு முதுகின் இரு புறமும் வெளிர்மஞ்சள் பட்டை. தொட்டால் பந்து போல் உப்பி, பிசின் போன்ற திரவத்தைக் கசியவிடும். கலௌலா புல்க்ரா என்பது அதன் அறிவியல் பெயர். மழையில்லாத நாட்களில் பின்னங்காலால் மண்ணைத் தோண்டிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்கிப் பதுங்கிக்கொள்ளும். கனமழை பெய்து வடிகாலும் பள்ளமும் நிரம்பியதும் வெளியே வந்து, நீரில் மிதந்தபடி மாடு கத்துவதுபோல் ‘ம்ம்ஆ’ என்று அடித்தொண்டையில் முழங்கும். முழங்கும் வேகத்தில் உடம்பே பின்னுக்குத் தள்ளப்படுவதைக் கைவிளக்கில் பார்க்கலாம். சிறு பிராயத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னால் கன்றுக்குட்டி மாட்டிக்கொண்டது என்று நான் அழுதிருக்கிறேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. மழைநீர்ப் பள்ளத்தில் மீன் இல்லை. முட்டையைத் தின்ன ஆளில்லை. ஆனால் பள்ளம் சில வாரங்களில் வற்றிவிடும். ஆகவே முதல் இரவிலேயே முட்டையிட்டுவிட்டால்தான் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறும் வரை நீர் நிற்கும். ஒரு நாள் தாமதித்தால் குடும்பமே உலர்ந்துபோகலாம்.

நிதானக்காரர்களில் நமக்குப் பழக்கமானது, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பலரை அலற வைக்கும் மரத்தவளை. முதுகில் நான்கு கோடுகள் ஓடுவதும் உண்டு, வெறும் பழுப்பாக இருப்பதும் உண்டு. இது நீருக்கு மேலே செடியிலோ தொட்டியின் சுவரிலோ நுரைக்கூடு கட்டி முட்டையிடும். நுரை முட்டையை உலராமல் காக்கிறது. அதனால் பெருமழைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் குறைவு. புல்லுக்கடியில் ‘கிர்ர்ரிக், கிர்ர்ரிக்’ என்று சீப்பின் பல்லை விரலால் வருடுவதுபோல் ஒலிப்பது குறுவாய்த்தவளை. ஐம்பது காசு நாணயத்தின் மேல் உட்காரக்கூடிய உருவம். அதன் சத்தத்தைக் கேட்டுத் தேடுபவர்கள் பெரிய தவளையைத்தான் தேடுவார்கள். நீண்ட ‘குர்ர்ர்ர்’ ஒலியைப் பல நொடிகள் இழுப்பது தேரை.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே தவளைகள் உச்சத்தில் கத்தும் என்று பலர் எண்ணுகிறோம். சாரல் பரவாயில்லை. ஆனால் தகரக் கூரையை அதிரவைக்கும் மழையில் எந்தக் குரலும் எடுபடாது. அப்போது கத்துவது வீண்செலவு. மழை விட்டு, இலையிலிருந்து நீர் சொட்டும் நேரமே அவற்றின் நேரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வந்து மாலையில் விடுகிறது. மழை விடுவதும் இருட்டுவதும் ஒன்றாக அமையும் அந்த நாட்களில்தான் நம் காதைப் பிளக்கும் கச்சேரி நடக்கிறது. சிங்கப்பூரில் 2014 சனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் வறட்சி நீடித்தது. அந்த நாட்களில் யாராவது என்னைப்போல் பட்டியல் எடுக்கப் போயிருந்தால், என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

குளிரும் குரலும், மரப்பொந்தும் நீரும்

வெப்பநிலைக்கு இங்கே வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தவளையின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. குளிர்ந்தால் தசைகள் மந்தமாகும். குரலில் உள்ள துடிப்புகள் மெதுவாகும். ஒரே இனத்தைச் சேர்ந்த தவளை கேமரன் மலைக் குளிரிலும் ஈப்போவின் புழுக்கத்திலும் ஒரே வேகத்தில் கத்தாது. அப்படியானால் பெண் தவளை குழம்பிப் போகாதா? ஹெச். கார்ல் கெர்ஹார்ட் 1978-இல் சாம்பல் மரத்தவளைகளைக் கொண்டு இதைச் சோதித்தார். குளிர்ந்த பெண் மெதுவான துடிப்பை விரும்பியது. வெதுவெதுப்பான பெண் வேகமான துடிப்பை விரும்பியது. பாடுபவருக்குச் சுருதி மாறும்போது கேட்பவரின் செவியும் கூடவே மாறிக்கொள்கிறது.

நான் படித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது சபா மாநிலத்தில் நடந்த ஆய்வு. போர்னியோக் காட்டில் மரப்பொந்துகளுக்குள் வாழும் மெட்டாஃப்ரினெல்லா சுண்டானா என்ற சிறு தவளை, பாதி மழைநீர் நிறைந்த பொந்தில் உட்கார்ந்து கத்துகிறது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரு சுருதி வருகிறதல்லவா? நீரை ஊற்றினால் உள்ளே காற்றுக்கான இடம் குறைந்து சுருதி உயர்கிறது. மரப்பொந்துக்கும் அதே விதி. பியோர்ன் லார்ட்னரும் மக்லாரின் லாக்கிமும் ஒரு தவளையை நீர் நிரப்பிய குழாயில் வைத்து, நீரைச் சிறுகச் சிறுக வடியவிட்டார்கள். நீர்மட்டம் இறங்க இறங்கத் தவளை தன் சுருதியை மாற்றிப் பார்த்து, குழாயின் ஒத்ததிர்வோடு பொருந்தும்படி அமைத்துக்கொண்டது. பொருந்தியபோது ஒலி பன்மடங்கு பெருகியது. 2002-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இது. நேற்றிரவு எவ்வளவு மழை பெய்தது என்பது இன்றிரவு அந்தத் தவளை எந்தச் சுருதியில் பாட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது!

பாட்டியின் வானிலை அறிக்கை

‘தவளை கத்தினால் மழை வரும்’ என்பது உண்மையா என்று இதைப் படிக்கும் பலரும் கேட்பீர்கள். எனக்கு இந்தக் கேள்வி வெறும் பொழுதுபோக்கு அன்று. என் பாட்டி தைப்பிங்கை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தீபகற்பத்தில் அதிக மழை பெறும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று. விடியுமுன் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் மங்கில் சேராமல் பட்டையெங்கும் வழிந்துவிடும். அன்று வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. இரவு படுக்குமுன் பாட்டி வாசலில் நின்று காதைத் தீட்டுவார். “சொறியான் ஒரே பாட்டா பாடுது. நாளைக்குப் பெரட்டு நடக்காது போல, தூங்குங்க” என்பார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்று அம்மாவும் சாட்சி சொல்வார்.

தவளைக்கு நாளைய வானிலை தெரியும் என்பதற்கு நான் படித்தவற்றில் ஆதாரம் எதையும் காணவில்லை. அது கத்துவது ஏற்கெனவே பெய்த மழைக்கும், அந்த நேரத்துக் காற்றின் ஈரப்பதத்துக்கும்தான். பிறகு எப்படிப் பாட்டியின் கணிப்பு பலித்தது? நம் ஊரில் மழைநாட்கள் கூட்டமாக வரும் இயல்புடையவை. ஈரமான ஒரு நாளை அடுத்து இன்னொரு ஈரமான நாள் வரும் வாய்ப்பு, வறண்ட நாளை அடுத்து வருவதை விட அதிகம். தவளை நேற்றைச் சொன்னது. நேற்றை வைத்துப் பாட்டி நாளையைக் கணித்தார். பலிக்காமல் போன நாட்கள் நினைவில் தங்காமல் போயிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பாட்டியைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. பெரட்டு நடக்காது என்று சொன்னவரே விடியற்காலையில் முதல் ஆளாக எழுந்து, கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். தம் கணிப்பை நம்பி ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

விளக்கு, மோட்டார் சைக்கிள், மாறும் தட்பவெப்பம்

வானிலைக்குப் போட்டியாக இப்போது நாமும் தவளைகளின் நேரத்தைக் கலைக்கிறோம். தாய்லாந்தின் ஒரு குளத்தருகே சன், நாரின்ஸ் ஆகியோர் விமான ஒலியையும் மோட்டார் சைக்கிள் ஒலியையும் வைத்து நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. சத்தம் கேட்டபோது நம் லோங்காங் முழக்கக்காரனான கலௌலா உட்பட மூன்று இனங்கள் கத்துவதைக் குறைத்துக்கொண்டன. வேறோர் இனமோ கூடுதலாகக் கத்தியது. மற்றவர்கள் வாயை மூடியதும் கிடைத்த இடைவெளியை அது பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். கனடாவில் 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், செயற்கை விளக்கொளி பட்ட ஆண் பச்சைத்தவளைகள் குறைவாகவே கத்தின. எங்கள் திடலின் உயர்ந்த விளக்குகள் இரவு பத்து மணி வரை எரிகின்றன என்பதை இங்கே குறிப்பிட்டு நகர்கிறேன்.

தட்பவெப்பம் மாறுவதைத் தவளையின் குரலிலேயே கேட்கலாம் என்று காட்டியது போர்ட்டோ ரிக்கோவின் கோக்கி தவளை. நாரின்ஸும் மீண்டரிங்கும் மலைப்பாதை ஒன்றில் 1983-இல் பதிந்த குரல்களையும், 23 ஆண்டுகள் கழித்து 2006-இல் அதே பாதையில் பதிந்த குரல்களையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். முன்பு தாழ்வான இடங்களில் கேட்ட கீச்சுக்குரல், பின்னர் மலையில் இன்னும் உயரமான இடங்களில் கேட்டது. அந்தக் காலத்தில் அங்கே வெப்பம் கூடியதோடு இது ஒத்துப்போகிறது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா வட்டாரத்திலோ, நான்கு தவளை இனங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை விட 1990-களில் 10 முதல் 13 நாட்கள் முன்னதாகவே வசந்தத்தில் கத்தத் தொடங்கியிருந்தன. வசந்தம் இல்லாத நம் நாட்டில் பார்க்க வேண்டியது மழையின் காலம் நகர்கிறதா என்பதை. அதற்கு ஒரே குளத்தில், ஆண்டுக்கணக்கில், மழையளவையும் குரலையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

உங்களில் யாருக்கேனும் முயன்று பார்க்க ஆசையிருந்தால் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், கைப்பேசியே போதும். மழை விட்ட மாலையில் எட்டு மணிக்குப் போங்கள். குளத்தை நெருங்கியதும் அவை அமைதியாகிவிடும். அசையாமல் சில நிமிடங்கள் நின்றால் மீண்டும் தொடங்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பதியுங்கள். நாள், நேரம், மழை விட்ட நேரம் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். எதுவும் கேட்கவில்லையென்றால் அதையும் குறித்துவையுங்கள், ஆனால் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘கேட்கவில்லை’ என்று எழுதுங்கள். காலணி கட்டாயம். தவளையைத் தேடிப் பாம்பும் வரும்.

என் அறிக்கையில் அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டு, நான்கு இனங்களின் பெயரையும், போன நேரத்தையும், அன்றைய மழையையும் சேர்த்துத் திரும்பக் கொடுத்தேன். அன்றிரவு பதிந்ததைத் தொலைபேசி வழியே பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு குரலாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், தேரையின் குரல் வந்ததும் இடைமறித்தார்.

“ஏன்மா, அங்க நல்ல மழையா?”